துணைக்கு வந்தவள்

“அக்கா, நான் இண்டைக்கு வருவன் எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?”

ஜெயனியின் முகத்தில் அப்படியொரு நிம்மதி. தெல்லிப்பழை மனநல கிளினிக்கின் வாங்கில், கைப்பையை மடியில் இறுக்கியபடி, எழும்பி ஓடிவிடுவோமா என்று இருந்தவள், நிலூபாவைக் கண்டதும் அரக்கி இடம் விட்டாள்.

நிலூபா பல்கலைக்கழக உளவளத்துணை நிலையத்தில் பட்டதாரி உதவியாளர். முதலாம் வருடப் பிள்ளைகளிடம் போய்க் கதைத்து, கூச்சத்தைப் போக்கி, உதவி வேண்டியவர்களை அனுப்பி வைப்பதுதான் வேலை.

போன கிழமை மண்டபத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: காய்ச்சலுக்கு மருந்தெடுக்க வெட்கப்படுகிறோமா? மனதுக்கு எடுக்க மட்டும் என்ன வெட்கம்?

அதைக் கேட்டுத்தான் ஜெயனி, நித்திரையே இல்லை அக்கா, உயிரோடு இருக்கவே பிடிக்கவில்லை என்று வந்து அழுதாள். அவளை இதற்குச் சம்மதிக்க வைக்க நிலூபா பட்ட பாடு கொஞ்சமல்ல.

டவுன் வேண்டாம், ஆட்கள் காண்பார்கள் என்றதால் தெல்லிப்பழை. யாழ்ப்பாணத்தில் ஒருவருக்கும் தெரியாமல் ஓரிடத்துக்குப் போய்ப் பாருங்கள். தெரிந்தவர்கள் எல்லோரும் அதே எண்ணத்தோடு முன்கூட்டியே வந்து குந்தியிருப்பார்கள்.

வியாழக்கிழமை போகச் சொல்லியிருந்தாள் நிலூபா. கட்டாயம் வியாழன்தான் என்று இரண்டு முறை சொன்னாள். பொறுக்க முடியாமல் பிள்ளை செவ்வாயே வந்துவிட்டது.

“உம்மடை யோசனையாவே கிடந்தது. அதுதான் துணைக்கு வந்தனான்.”

ஜெயனி அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டாள். இருவர் கையும் வேர்த்திருந்தது.

கதவடியில் மிஸி வந்து நின்றாள். வேலைக்குப் புதிய தாதி, ஒருவரையும் முகம் தெரியாது.

“மக்பூல் நிலூபா!”

நிலூபா அசையவில்லை.

இரண்டு வருடமாக மாதாமாதம் ஒரு செவ்வாயில் அவள் மருந்தெடுக்க வருகிற இடம். எழும்பினால் போதும். எழும்பி, நானும்தான் என்று ஒரு சொல் சொன்னால், மண்டபத்தில் பேசிய அத்தனையும் உண்மையாகிவிடும். அது அவளுக்குத் தெரியும். கால்தான் வரவில்லை.

மிஸி இன்னும் உரத்துக் கூப்பிட்டாள். நிலூபா தலையைத் திருப்பி, அந்தப் பெயர்க்காரி எங்கே என்பது போலப் பின்னால் பார்த்தாள்.

அங்கே முக்காடு போட்டிருந்தவள் அவள் ஒருத்திதான். எல்லோரும் அவளையே பார்த்தார்கள். மிஸியும் பார்த்தாள்.

நிலூபா இல்லையென்று தலையாட்டினாள். வெட்கத்தில் காது இரண்டும் சுட்டன.

ஜெயனிக்கு அந்தப் பெயர் நன்றாகத் தெரியும். பிடித்திருந்த கையை மெல்ல எடுத்துக்கொண்டாள்.

மிஸி அடுத்தவரைக் கூப்பிட்டாள்.

“தியாகராசா ஜெயனி!”

ஜெயனி தலையைத் திருப்பி, பின்வரிசையில் யாரையோ தேடத் தொடங்கினாள்.