சமதரையில் விழுந்த வரையாடு

ஒரு மலையில் கிழட்டு வரையாடு ஒன்று இருந்தது. மழைநாளில் பாறையில் வழுக்கி விழுந்ததில் அதன் முன்னங்கால் பிசகிவிட்டது. நொண்டிக்கொண்டே அடிவாரத்துக்கு இறங்கி வந்தது. ஒரு மாதத்தில் கால் சரியாகிவிட்டது. ஆனால் ஆடு அடிவாரத்துச் சமதரையை விட்டு நகரவே இல்லை.

அதன் முதுகில் உண்ணி பொறுக்க வரும் மைனா, "மேலே புல் தழைத்துக் கிடக்கிறது, வாயேன்" என்று கூப்பிட்டது.

"மறுபடி விழுந்தால் எழுந்திருக்க மாட்டேன். எனக்கு இங்கே இருப்பதே போதும்" என்றது ஆடு.

சுற்றியிருந்த புல் கட்டையாகி, பிறகு தீர்ந்தும் போனது. ஆடு படுத்தே கிடந்தது. ஒரு காலையில் ஓடைக்குப் போக எழுந்தபோது கால்கள் நடுங்கின. நாலு எட்டு வைப்பதற்குள், கல்லோ ஈரமோ இல்லாத இடத்தில் குப்புற விழுந்தது.

மைனா பதறிப்போய் வந்தது. "அடி பட்டுவிட்டதா?"

ஆடு தான் விழுந்த தரையைச் சுற்றிப் பார்த்தது. பிறகு, "இங்கேயும் விழுகிறேனே" என்றது. "சரி, சரிவு குறைந்த வழி எது?"

மைனா முன்னால் தத்திப் போனது. ஆடு பாறையில் விலாவை உரசிக்கொண்டே மெல்ல ஏறியது. பாதி வழியில் குளம்பு சறுக்கியது. மைனா வீறிட்டுப் பறந்தது.

"கத்தாதே" என்றது ஆடு, மூச்சு வாங்கியபடி. "இன்னும் எவ்வளவு தூரம்?"