எக்ஸ்போர்ட் ரிஜெக்ட்

நடைபாதைக் கடையின் தார்ப்பாயில் ஒரு நீலச் சட்டை பல நாளாய்க் கிடந்தது. உள்ளூர்த் தையல். ஒரு குறை சொல்ல முடியாது. ஆனாலும் யாரும் எடுக்கவில்லை. இன்றைக்கும் போகாவிட்டால் கிழித்து வண்டி துடைக்க வைத்துக்கொள்வேன் என்று கடைக்காரன் மாசிலாமணி காலையிலேயே சொல்லிவிட்டான்.

மதியம் பக்கத்தில் ஒரு வெள்ளைச் சட்டை வந்து விழுந்தது. பெரிய ஃபேக்டரியில் தைத்தது. அதன் இடது கை, வலது கையைவிட நாலு விரல் நீளம்.

"என்னண்ணே, கை இப்படி இருக்கு?" என்றது நீலம்.

"சீமைக்குப் போக வேண்டியவன்டா நான். பெட்டியில போடுறப்ப அளந்து பார்த்துட்டுத் தூக்கி எறிஞ்சுட்டானுங்க" என்று வெள்ளை விசும்பியது.

"ஐயோ பாவம். அப்போ நாம ரெண்டு பேரும் இன்னைக்குக் கந்தல்தான்."

மாசிலாமணி வெள்ளையை உதறித் தூக்கிப் பிடித்தான்.

"வாங்க சார், வாங்க! எக்ஸ்போர்ட் ரிஜெக்ட்! எக்ஸ்போர்ட் ரிஜெக்ட்!"

கூட்டம் திமுதிமுவென்று வந்தது. கண்ணாடி போட்ட ஒருவர் முந்திக்கொண்டு வெள்ளையை வாங்கி அங்கேயே மாட்டினார். நீளக் கையை மடித்துவிட்டபடி, "ஃபாரினுக்குத் தைச்சதுன்னா அது தனிதான்" என்றார். வெள்ளை அழுகையை நிறுத்திவிட்டு நீலத்தைக் கீழ்க்கண்ணால் பார்த்தது.

"வேற எக்ஸ்போர்ட் ரிஜெக்ட் இருக்காப்பா?" என்று இன்னொருவர் குனிந்தார்.

நீலம் யோசிக்கவே இல்லை. மூச்சை இழுத்துப் பிடித்துத் தன் காலர் தையலைப் பட்டென்று தெறிக்கவிட்டது.