குளியலறையில் மதியச் சோறு

குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, காய்ந்த தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து மிட்சுயோ சோற்றுருண்டை தின்கிறாள். சின்ன ஜன்னல் வழியே மியாசாகி நகரத்தின் மதிய வெயில் அவள் முழங்காலில் விழுகிறது. சத்தம் வராமல் மெல்லுகிறாள். வெளியே மரத்தரையில் உமே வருவது கேட்கிறது. நாலடி நடை, பிறகு தொப்பென்று உட்காரும் ஓசை, கனத்த மூச்சு. கறிக்காக ஏற்றிப்போன லாரியிலிருந்து சாலையில் விழுந்து பிழைத்த கோழி அது. இந்த இனத்துக்கு வயிறு நிறைந்ததே தெரியாது, கேட்கும்போதெல்லாம் போட்டால் உடம்பு பெருத்துக் கால் மடங்கிவிடும், இதயமும் தாங்காது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். காலையில் ஒரு பிடி, மாலையில் ஒரு பிடி, அவ்வளவுதான். கதவின் அடியில் அலகு தட்டுகிறது. கூடவே கணவன் டெட்சுரோவின் குரல்.

“உள்ள என்ன பண்ற?”

“ஒண்ணுமில்ல. கை கழுவுறேன்.”

“வாய்ல சோத்த வச்சுக்கிட்டா?” அவன் சிரிக்கிறான். “சொந்த வீட்டுல திருட்டுத்தனமா சோறு தின்ற ஆள இப்பத்தான் பாக்குறேன்.”

“நீங்க சாப்பிட்டாச்சா?”

சிரிப்பு நிற்கிறது. “வண்டியிலயே தின்னுட்டேன்” என்கிறான் தாழ்ந்த குரலில். “அது பாக்குற பார்வை இருக்கே, என்னால முடியல.”

மிட்சுயோ வாயைத் துடைத்துக்கொண்டு கதவைத் திறக்கிறாள். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. அவள் குனிந்து, இறகு உதிர்ந்து சிவந்த நெஞ்சுக்கடியில் கைகொடுத்துக் கோழியைத் தூக்குகிறாள். உமே கழுத்தை நீட்டி, அவள் மோவாயில் ஒட்டியிருந்த ஒற்றைப் பருக்கையைக் கொத்தி விழுங்குகிறது. பிறகு தலையைச் சாய்த்து அவள் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறது.