நடுவில் இருந்த நீலம்

திங்கட்கிழமை தயாபரன் ஒரு பொத்தானை அழுத்தினான். நாலாயிரம் கம்ப்யூட்டர்களிலும் திரையின் பின்னணியில் அவரவர் வைத்திருந்த படங்கள் போய், கம்பெனியின் நீலம் வந்து உட்கார்ந்தது. ஒன்றுகூடத் தப்பவில்லை என்று மேனேஜர் முதுகில் தட்டினார்.

வியாழக்கிழமை, கொள்முதல் பிரிவு எமில்டாவுக்குப் பிரிண்டர் ஓடவில்லை. தயாபரன் தன் இருக்கையிலிருந்தே அவள் திரைக்குள் நுழைந்து, போனில் பேசிக்கொண்டே சரிசெய்தான். அவளுடைய ஐகான்கள் நாலு ஓரங்களிலும் ஒடுங்கிக் கிடந்தன. நடுவில் வெறும் நீலம். இடது மேல் மூலையில் இன்னொன்றை மறைத்துக்கொண்டு முளைத்த பிரிண்டர் ஐகானை, கண்ணில் படட்டுமே என்று நடுவுக்கு இழுக்கப் போனான்.

"அங்க வேணாம் தம்பி. எம்மக முகம் இருந்த எடம்."

"அந்தப் போட்டோவத் திரும்ப வச்சிரலாம்க்கா. உங்க போன்ல இருக்குல்ல?"

"அவ போன்லதான் இருந்துச்சு. வண்டி மோதுனப்ப அதுவும் நொறுங்கிருச்சு. இங்க மட்டுந்தான் மிச்சம் இருந்துச்சு."

யாரும் பழையபடி மாற்றிவிடக் கூடாதென்று, பழைய படங்களை அடியோடு அழிக்கச் சொல்லிப் புரோகிராம் எழுதியவன் அவன்தான்.

வலது கீழ் மூலையில்தான் இடம் இருந்தது. நடுவே குறுக்காக இழுத்தால் ஒரு நொடி. தயாபரன் ஐகானை மேல் ஓரமாகவே நகர்த்திக்கொண்டு போய், மெல்லக் கீழே இறக்கினான்.

"பாத்து, தம்பி," என்றாள் எமில்டா.