மேனேஜர் கொண்டுவந்த ராப் கேசட்

ஆயத்த ஆடை ஆலை மேனேஜர் சின்னன் என் கேட்டை உதைத்த உதையில் எங்கள் தேர் ரூஜ் ஊர் நாய்கள் ஒரு வாரம் குரைத்தன. கையில் ஒரு கேசட்.

“மிஸ்யே, வாத்தியாரய்யா, என் ஆலையில நாலு பசங்க தையல் மெஷின் சத்தத்தையே தாளமா வச்சு ராப் பாடி, ரகசியமா கேசட் போட்டு விக்கிறாங்க. என்னைக் கண்டா அதைப் போட்டுச் சிரிக்கிறாங்க” என்று எங்கள் தீவின் பேச்சுமொழியான கிரியோலில் பொரிந்தான். “பாட்டு தமிழ்ல இருக்கு. எனக்குச் சாமி கும்பிடத்தான் தெரியும், தமிழ் தெரியாது. முப்பது வருஷம் தமிழ் வாத்தியாரா இருந்தவர், நீங்க அர்த்தம் சொல்லுங்க. என்னைத் திட்டியிருந்தா நாலு பேருக்கும் இன்னிக்கே வேலை போகும்.”

கேட்டேன். ‘கக்கூஸைப் பூட்டிய கழுதையே, மயங்கி விழுந்தவளைத் தாண்டிப்போன மாடே’ என்று கேசட் கொதித்தது.

கண்ணை மூடிக் கைகூப்பினேன். “முருகன் பாட்டு, சின்னன். ஷூவோட கேக்கிறியே.”

பதறிக் கழற்றினான். “பசங்களைத் தப்பா நினைச்சிட்டேனே.”

வெள்ளிக்கிழமை பூஜையில் ஆலை ஒலிபெருக்கியில் அவனே அதைப் போட்டு, வெறுங்காலோடு கற்பூரம் காட்டினான். அர்த்தத்தைக் கிரியோலில் முன்பே காதோடு காதாகப் பரப்பியிருந்த ஆயிரம் பேரும் சிரிப்பை அடக்கியதில் ஆலைக் கூரை நாலு அங்குலம் உயர்ந்தது.

பாடிய பையன்களுக்கும் தமிழ் தெரியாது. மயங்கி விழுந்ததற்காக, என் மகள் என்று தெரியாமலே ஜெயபாரதியைச் சின்னன் வேலையைவிட்டு நீக்கிய அன்றே, ஒவ்வொரு வரியையும் பிரெஞ்சு எழுத்தில் எழுதி, அர்த்தமும் சொல்லி அவர்களுக்குக் கொடுத்தவன் நான்.