தொட்டியில் ஆறு கெண்டைகள்

தொழிற்சாலைக் கூலியாள் திருமலை இரண்டு குடங்களையும் ஈரத்துணியால் மூடித்தான் கொண்டுவந்தான். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, தண்ணீரைக் கண்ணாடித் தொட்டியில் மளமளவென்று கவிழ்த்தான்.

சோதனைக்கூடத்தைக் கவனிக்கும் சந்திரகலா வாசலில் நின்று அவனைச் சந்தேகத்தோடு பார்த்தாள். போன மாதம்தான் அவனுடைய சினை எருமை, தொழிற்சாலையின் கழிவு வாய்க்காலில் வாய் வைத்துவிட்டுச் சாயங்காலத்துக்குள் விறைத்துப் போனது.

அன்று மேனேஜர் வீரராகவன் சிரித்தார். "செத்தது மாடு, கருகினது நெல்லு. மனுஷனுக்கு ஒண்ணும் ஆகலையே? அப்புறம் எதுக்குய்யா பெட்டிஷன்?"

பெட்டிஷன் போய்விட்டது. புதிதாக வந்த சட்டப்படி இன்று பதினொரு மணிக்குச் சர்க்கார் அதிகாரி வருகிறார். முலாம் பூசிக் கழுவிவிடும் தண்ணீரில் மீன் உயிரோடு இருந்தால் கையெழுத்து. இல்லாவிட்டால் தொழிற்சாலைக்குப் பூட்டு. இருநூறு பேர் வேலையோடு சந்திரகலாவின் வேலையும் போகும்.

மேனேஜரின் யோசனை சுலபமானது. தொட்டிக்கு வெளியே 'கழிவுநீர்' என்று சீட்டு. உள்ளே நல்ல தண்ணீர். யார் கண்ணிலும் படாமல் அதைக் கொண்டுவரத்தான் திருமலையை அனுப்பியிருந்தார்.

"இன்னாம்மா அப்டி பாக்கறே? ஒசந்த தண்ணிதான். மீன வுடு," என்றான் திருமலை. அவன் பார்வை தொட்டியை விட்டு நகரவில்லை.

ஒரு சொட்டு எடுத்துச் சோதித்திருக்கலாம். அவளுக்குக் கை எழவில்லை. ஒன்பது மணிக்கு ஆறு கெண்டைகளையும் விட்டாள்.

வீரராகவன் வந்தார். தொழிற்சாலை மதிலுக்குப் பின்னால் இருந்த தன் வீட்டிலிருந்து வந்த பிளாஸ்கைத் திறந்து, டீயை ஒரு வாய் குடித்து முகம் சுளித்தார்.

"த்தூ! ரெண்டு மாசமா இதே ருசி. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுடின்னா, எங்க வீட்டம்மா காதுலயே போட்டுக்கறதில்ல." மிச்சத்தையும் குடித்தார்.

பத்து மணிக்கு ஒரு கெண்டை மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது.

"சார்..." சந்திரகலா தொட்டியைக் காட்டினாள்.

"பெத்த தாய் மாதிரி அதையே பாக்காதேம்மா. வேடிக்கை பாக்க மேல வருது."

பத்தரைக்கு இரண்டு கெண்டைகள் ஒருக்களித்து நீந்தின. வீரராகவன் நாற்காலியை விட்டு எழுந்தார். திருமலை தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் முறுக்கிக்கொண்டிருந்தான்.

பத்தே முக்காலுக்கு ஆறும் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தன. வெளியே ஜீப் வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

வீரராகவன் திருமலையின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். "எருமைக்குப் பழி வாங்கறியாடா? வாய்க்கால் தண்ணியத்தானே ஊத்தினே?"

"ஐயோ, என் புள்ளைங்க மேல சத்தியமா இல்ல சார்!"

"அப்ப எங்கேர்ந்துடா கொண்டாந்தே?"

திருமலை கையெடுத்துக் கும்பிட்டான்.

"உங்க ஊட்டுக் கெணத்துலேர்ந்து சார். அம்மாதான் சேந்திக் குட்த்தாங்க."