ஜன்னல் அளவு

“உங்க தம்பியும் சொந்தத் தொழில்தானே? செல்போன் ரிப்பேர் கடையை வெச்சுக்கிட்டு அவர் கடன் வாங்கி வீடு வாங்கலையா?”

ஓர்ப்படியின் புது வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றியபடியே கேட்டாள் மனைவி. திரைச்சீலை தைப்பவள் அவள். கம்பி மாட்டுவது கணவன் வேலை. இன்று ஆர்டர் இந்த வீட்டுக்கு.

“இருபது வருஷத் தவணை. ரெண்டு மாசம் ஆர்டர் வரலேன்னா யாரு கட்டுறது?”

“அவங்க கட்டுற மாதிரிதான். எனக்கு வயிறு எரியுது. வங்கி விண்ணப்பம் பையிலேயே இருக்கு, இன்னிக்குக் கையெழுத்துப் போடுறீங்க.”

அவன் கம்பிகளை எடுத்துவரக் கீழே போனான். உள்ளே ஓர்ப்படி குரலைத் தாழ்த்தினாள்.

“தவணை கழுத்தை நெரிக்குதுக்கா. அவர் வேண்டாம்னுதான் சொன்னார். நான்தான் பிடிவாதம் பிடிச்சேன். எல்லாம் உங்களாலதான்.”

“என்னாலயா?”

“போன வருஷம் பார்க் எதிர்ல, புது அடுக்குமாடியில டேப்பை வெச்சு ஜன்னலை அளந்துட்டிருந்தீங்க. பஸ்லேர்ந்து பார்த்தேன். அப்ப நீங்க சட்டைதானே தைச்சிட்டிருந்தீங்க? சட்டை தைக்கிறவங்களுக்கு ஜன்னல்ல என்ன வேலை? வீடு வாங்கிட்டு எங்ககிட்ட மறைக்கிறீங்கன்னு எனக்குத் தூக்கமே போச்சு. எப்பக்கா குடி போறீங்க?”

அது ஒரு டாக்டர் வீடு. அவளுடைய முதல் திரைச்சீலை ஆர்டர்.

கம்பிகளோடு திரும்பிய கணவன் பெருமூச்சு விட்டான். “சரி, எங்க கையெழுத்துப் போடணும்?”

அவள் விண்ணப்பத்தை எடுத்து, பின்பக்கமாகத் திருப்பினாள்.

“பேனாவை மட்டும் குடுங்க. ஜன்னல் அளவு எழுதணும்.”